மாடத்தில் எதுவும் கேட்கவில்லை

ஈனாக் டாங்க்ஸ் இறந்து மூன்று வாரம் ஆகிறது. எந்தப் பத்திரிகையும் அவனுக்கு நாலு வரி ஒதுக்கவில்லை. பிரபுக்கள் சபையில் முனகியவனையெல்லாம் பெரிய பேச்சாளனாக்கி லண்டன் முழுக்கப் படிக்க வைத்தவன் அவன். அவனைப் பற்றி எழுத நான் தகுந்த ஆள் இல்லை. வேறு யாரும் எழுதப்போவதும் இல்லை. அதனால் டோபியாஸ் ஹெல்லியராகிய நான் எழுதுகிறேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று கடைசிவரை படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

மேல்சபையின் பத்திரிகைக்காரர் மாடத்தில் பதினோரு வருஷம் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரே பத்திரிகை. ஒருவர் கால் மணி நேரம் சுருக்கெழுத்தில் எடுப்பார். முறை முடிந்ததும் அடுத்தவர் உட்கார, முதல் ஆள் பின்னால் இருக்கும் எழுதும் அறைக்குப் போய் அதை விரித்து எழுதி அச்சுக்கு அனுப்புவார். என் முறைக்கு முந்திய முறை எப்போதும் ஈனாக்குடையது. ஒல்லியான ஆள். காலர் எப்போதும் வெளுப்பாக இருக்கும். வாயைத் திறந்தால் ஆக்ஸ்போர்டில் படித்தவன் மாதிரி பேசுவான். அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்று சொல்லியிருந்தான். நாங்கள் நம்பினோம்.

அந்தச் சபையில் பேச்சு கேட்பது லேசான காரியம் இல்லை. தங்க முலாம் பூசிய அந்த உசரமான கூரை சத்தத்தையெல்லாம் விழுங்கிவிடும். கீழே சிவப்புத் தோல் பெஞ்சில் இருந்து ஒரு கிழவர் எழுந்து, தன் கழுத்துத் துணிக்கு ரகசியம் சொல்வதுபோல முணுமுணுப்பார். எங்களுக்குப் பத்தில் நாலு வார்த்தை எட்டினால் பெரிய விஷயம். ஆகையால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பிரபுவின் காரியதரிசி முன்கூட்டியே ஒரு சீட்டு தருவார். பிரபு என்ன சொல்லப்போகிறார் என்று அதில் இருக்கும். கேட்டதையும் சீட்டையும் கலந்து, நடுவில் எங்கள் சரக்கையும் போட்டு, மறுநாள் காலை ஒரு முழுப் பேச்சாகக் கொடுத்துவிடுவோம். திக்கலை எடுத்துவிடுவோம். தும்மலை எடுத்துவிடுவோம். சபை தூங்கியிருந்தாலும் இரண்டு இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஆமோதிப்பு' என்று போடுவோம். இதில் பொய் என்று ஒன்று இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. ஒரு பெரிய மனிதரின் கோட்டில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிடுவது போலத்தான் நினைத்தோம்.

இந்த வித்தையில் ஈனாக்கை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் கைபட்டுப் புகழ்பெற்றவர்தான் ஆல்டர்மியர் பிரபு. ஸ்டாஃபோர்ட்ஷயர் பக்கம் அவருக்கு நிலமும், நிலத்தில் செங்கல் சூளைகளும் இருந்தன. சூளைகளில் சின்னப் பெண் பிள்ளைகள் ஈரமண் சுமப்பதைத் தடுக்க ஒரு பிஷப் வருஷா வருஷம் மசோதா கொண்டுவருவார். ஆல்டர்மியர் வருஷா வருஷம் அதை எதிர்த்துப் பேசுவார். ஒருமுறை அவர் எழுந்து, "அப்புறம்... அந்த... அப்பா அம்மா இஷ்டம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றுவிட்டு மூக்கைச் சிந்தினார். மறுநாள் பத்திரிகையில், 'ஏழையின் வாசலில் சட்டம் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் நிற்க வேண்டும்' என்று வந்தது. முழுக்க ஈனாக்கின் சரக்கு. பள்ளிக்கூடங்களில் அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

"ஏய்யா, அந்தக் கிழவரு செத்தா அவரு நாக்க உனக்குத்தான் எழுதி வைக்கணும்" என்று நான் கிண்டல் செய்வேன்.

"நாக்கு வேணாம். அவருக்கு முதல்ல ஒரு நாக்கு இருக்கான்னு பாரு" என்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லாம்பெத்தில் அவன் வாடகை வீட்டுக்குப் போவேன். கெசையா என்று ஒரு பெண் சமைத்துப் போடுவாள். நாற்பது வயது இருக்கும். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். காலையில் இருந்து ராத்திரிவரை தலையில் வெள்ளைக் குல்லாய். ஆட்டுக்கறிக் குழம்பில் மாவுருண்டை போட்டு அவள் செய்வதைத் தின்றவன் வேறு எங்கும் தின்னமாட்டான். அவனை 'ஐயா' என்று கூப்பிடுவாள். சாப்பாடு முடிந்ததும் அவன் அவளுக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவான். அவளுக்கு எழுத்து தெரியாது. வேலைக்காரிக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறானே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். சூளை மசோதாப் பேச்சுகளை மட்டும் அவன் படித்ததில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மகாராணி, புருஷன் செத்த துக்கத்தில் கறுப்பு கட்டிக்கொண்டு அரண்மனையை விட்டு வெளியே வராமல் இருந்த காலம். அந்த ஜூன் மாதம் மசோதா மறுபடி வந்தது. சாயங்காலம் ஐந்தரை மணி, ஜன்னலில் நல்ல வெயில். சபையில் மிஞ்சிப்போனால் பதினைந்து பேர். அதில் பாதி தூக்கம். ஆல்டர்மியரின் காரியதரிசி பென்ஃபோல்ட் வழக்கம்போல் சீட்டு கொடுத்திருந்தார். 'சுதந்திர உழைப்பு', 'பெற்றோரின் புனித உரிமை' எல்லாம் அதில் வரிசையாக இருந்தன.

ஈனாக்கின் முறையில் ஆல்டர்மியர் எழுந்தார். அடுத்து நான் என்பதால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் சீட்டில் இருந்ததைச் சொல்லவில்லை. அன்றைக்கு என்னவோ, தலையைக் கொஞ்சம் தூக்கிப் பேசினார். குரல் மெல்லியதுதான். ஆனால் எங்களுக்குக் கேட்டது.

"போன மாசம் என் சூளைக்குப் போனேன். முப்பது வருஷமா அது என் சூளை. நான் போனதே இல்ல. அங்க ஒரு பொண்ணு. ஒன்பது வயசுன்னா. தலையில ஒரு மண்ணுருண்டை, வயித்தோட அணைச்சு இன்னொண்ணு. இங்க குடு பாப்போம்னு ஒண்ண வாங்கினேன். பத்தடி நடந்திருப்பேன். முடியல. கீழ வச்சுட்டேன். அவ சிரிச்சா. விடுங்க தாத்தா, உங்களுக்கு வராதுன்னு சொல்லி எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவளுக்கு உச்சந்தலையில முடி இல்ல. சுமந்து சுமந்து தேஞ்சு போச்சு. ஒன்பது வயசுல."

அதோடு நின்றுவிட்டார். கைக்குட்டையை எடுத்தார். அழுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அப்போதுதான் மணி பார்த்து ஈனாக் எழுதும் அறைக்குப் போக, நான் அவன் இடத்தில் உட்கார்ந்தேன். கடைசி மூன்று நிமிஷம் என்னுடையது.

"எனக்கு வெட்கமா இருக்கு, பிரபுக்களே. அஞ்சு வருஷமா இந்த இடத்துல நின்னு இத எதிர்த்திருக்கேன். பத்திரிகைக்காரங்க எங்கிட்ட ரொம்ப அன்பா இருந்தாங்க. நான் சொல்லாத நல்ல வார்த்தையெல்லாம் எனக்குக் கொடுத்தாங்க. அதையெல்லாம் மறந்துடுங்க. இன்னைக்குச் சொன்னது மட்டும்தான் நான் சொன்னது. இந்த மசோதாவுக்கு என் ஓட்டு."

உட்கார்ந்துவிட்டார். ஒரு சத்தம் இல்லை. தூங்கியவர்கள் எழவில்லை. மசோதா கொண்டுவந்த பிஷப்புக்கு இடது காது மந்தம். ஆல்டர்மியர் உட்கார்ந்திருந்தது அவருக்கு இடது பக்கம். விவாதம் ஒரு வாரம் தள்ளிப்போனது.

எழுதும் அறைக்கு ஓடினேன். ஈனாக் பேனாவைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான். ஒரு பக்கம் நோட்டு, ஒரு பக்கம் சீட்டு. மற்றப் பத்திரிகைக்காரர்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். சபையில் தெளிவில்லாதபோது ஈனாக் எழுதுவதைப் பார்த்து எழுதுவது எல்லோருக்கும் பழக்கம்.

"பெரியவருக்குப் புத்தி தடுமாறிடுச்சுப்பா" என்றார் ஒருவர். "அழுதத எல்லாம் போட்டா மானம் போயிடும். மூடி வைங்க."

"என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

ஈனாக் என்னைப் பார்க்கவில்லை. "பழைய மாதிரியே முடிச்சிடு" என்றான்.

அவன் எழுதினான். 'பிரபுக்களே, சுதந்திர உழைப்பின் ஒப்பந்தத்துக்குள் சட்டத்தின் கை நுழையுமானால், நாளை அதே கை நம் ஒவ்வொருவர் கணப்படுப்பையும் கிளறும்.' அழகான வாக்கியம். நான் அதற்கு வால் சேர்த்தேன். மசோதாவை அவர் உறுதியாக எதிர்ப்பதாக எழுதி, 'பலத்த ஆமோதிப்பு' என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். பாதிப் பேர் தூங்கிய சபைக்கு அந்த இரண்டு வார்த்தையைக் கொடுத்தவன் நான்தான். கிழவரின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்பில் போய் ஆளுக்கு ஒரு தட்டு கட்லெட் தின்றோம். ஈனாக் மட்டும் தொடவில்லை.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதே பேச்சு. 'ஆல்டர்மியரின் தலைசிறந்த உரை' என்று ஒன்று தலையங்கமே எழுதியது. சபைக்கே வராத பிரபுக்கள் அதைப் படித்துவிட்டு, ஓட்டெடுப்புக்கு வந்தே தீருவோம் என்று கிளம்பினார்கள்.

இரண்டாம் நாள் ஆல்டர்மியர் எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் பெரிய வீடு. புத்தக அறையில் முழங்காலில் கம்பளி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் பத்திரிகை. பக்கத்தில் பென்ஃபோல்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"உட்காருங்க. எனக்குக் கோவம் இல்ல" என்றார் கிழவர். "இது நான் சொன்னது இல்லையே, மிஸ்டர் டாங்க்ஸ். நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குக் கேட்டுச்சா? கேட்டிருந்தா உங்க நோட்டுல இருக்கும். இருந்தா அத அப்படியே போட்டுடுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

நோட்டு ஈனாக்கின் கோட்டுப் பையில் இருந்தது. எனக்குத் தெரியும். அவன் கை அந்தப் பைமேலேயே இருந்தது. கேட்டது என்று சொன்னால், கேட்டும் மாற்றி எழுதினோம் என்று ஆகும். மறுநாளே இரண்டு பேருக்கும் வேலை போகும்.

"மன்னிக்கணும் பிரபு" என்றான் ஈனாக், அந்த ஆக்ஸ்போர்டுக் குரலில். "மாடத்துல எதுவும் கேக்கல."

நான் தலையாட்டினேன்.

கிழவர் மடியில் இருந்த பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு தன் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"என் தப்புதான். சத்தமாப் பேசியிருக்கணும். எத்தனை பேரு சொல்லியிருக்காங்க எங்கிட்ட, சத்தமாப் பேசுன்னு."

"ஒரு மறுப்புக் கடிதம் எழுதிடலாம் ஐயா" என்றார் பென்ஃபோல்ட்.

"நீ எழுதினா மறுபடியும் அந்தப் பழைய பேச்சுதான் வரும்ப்பா. வேணாம். விளக்கம் சொல்ல ஒரு தடவை எழுந்திரிக்க எனக்கு உரிமை இருக்கு. ஓட்டெடுப்பு அன்னைக்கு நானே சொல்றேன், இவங்களுக்குக் கேக்கற மாதிரி." எங்களைப் பார்த்து, "உங்களச் சிரமப்படுத்திட்டேன் தம்பிகளா" என்றார்.

வெளியே வந்து இரண்டு தெரு தாண்டினோம். ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஈனாக் நின்றுவிட்டான்.

"அந்தாளு நம்மகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டாருய்யா" என்றான்.

"விடு. அவரே எழுந்து சொல்லப்போறாரு. எல்லாம் சரியாயிடும்."

நான் அதைச் சொன்னது எனக்கே ஆறுதலாக இருந்தது. அந்த வாரம் முழுக்க ஆல்டர்மியர் புத்தக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டுப் பேசிப் பழகினார் என்று அவர் வேலைக்காரன் பிறகு சொன்னான். "ஒன்பது வயசு! ஒன்பது வயசு!" என்று அவர் கத்துவது சமையலறைவரை கேட்குமாம். எழுபத்து நாலு வயது உடம்பு. ஓட்டெடுப்பு அன்று காலை கத்திக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். மத்தியானம் உயிர் போயிற்று.

எங்களுக்குச் செய்தி வரவில்லை. சாயங்காலம் ஈனாக் என் முறையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டு, நோட்டைத் திறந்து, நாலு பென்சில் சீவி வைத்து உட்கார்ந்தான். அவர் இடம் காலியாகவே இருந்தது. கடைசியில் ஒரு பிரபு எழுந்து மரணச் செய்தியைச் சொன்னார். 'அந்த உத்தமர் இந்தச் சபைக்கு விட்டுச் சென்ற கடைசிச் சொற்களுக்கு நாம் மரியாதை செய்வோம்' என்று சொல்லி, ஈனாக்கின் கணப்படுப்பு வாக்கியத்தை எழுத்து மாறாமல் படித்தார். அந்தப் பிரபுவின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது. மசோதா ஏழு ஓட்டில் தோற்றது.

பார்லிமென்ட் விவாதங்களைப் புத்தகமாகப் போடும் ஓர் அச்சகம் இருந்தது. பத்திரிகைகளில் வந்ததைத் தொகுத்து, அச்சுப்படியைப் பேசியவருக்கே அனுப்பித் திருத்தி வாங்கி, பிறகு கட்டுவார்கள். அந்தப் புத்தகத்தில் ஏறியதுதான் நிற்கும். செத்தவர் திருத்த முடியாது என்பதால் ஆல்டர்மியரின் படி ஈனாக்கிடம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசைமேல் ஒரு பக்கம் அந்தப் படி, ஒரு பக்கம் அவன் நோட்டு.

"சரின்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிடு. செத்தவருக்கு இனிமே என்ன?" என்றேன். என் வாயில் இருந்து வந்ததுதான் இது.

அவன் உள்ளே பார்த்து, "கெசையா, இங்க வந்து உட்காரு" என்றான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவன் நோட்டில் இருந்ததைப் படித்தான். திக்கல், நிறுத்தம், அழுகை எதையும் விடவில்லை. எல்லாவற்றையும் எடுத்திருந்தான். 'விடுங்க தாத்தா, உங்களுக்கு வராது' என்ற இடத்தில் அவள் சிரித்துவிட்டாள்.

"வராதுதான். அது எங்க இடுப்புல நிக்குற மாதிரி பெரியவங்களுக்கு நிக்காது" என்றாள். ஸ்டாஃபோர்ட்ஷயர் சூளைக்காரிகளின் பேச்சு அப்படியே வந்தது. இத்தனை வருஷத்தில் என் முன்னால் அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

உச்சந்தலை முடி வந்ததும் அவள் கை தானாகக் குல்லாய்க்குப் போனது. படித்து முடித்தான்.

"இத அந்தப் பெரியவரு எல்லாரு முன்னாடியும் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நீ என்ன எழுதின?"

அவன் அச்சுப்படியைப் படித்தான். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு என் பக்கம் கையைக் காட்டி அவனிடம் கேட்டாள். "இந்த ஐயாகிட்ட நான் யாருன்னு சொல்லி வச்சிருக்க, ஈனாக்?"

அவன் காது வரைக்கும் சிவந்துபோனது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"எங்கூடப் பொறந்தவ" என்றான் ஈனாக். அவன் குரலும் மாறியிருந்தது. அந்த ஆக்ஸ்போர்டு எங்கேயோ போய்விட்டது. "எங்கப்பா வாத்தியார் இல்ல ஹெல்லியர். சூளையில செங்கல் அறுத்தவரு. இவ மண்ணு சுமந்தா. அந்தக் கூலியிலதான் நான் பள்ளிக்கூடம் போனேன். அன்னைக்கு அந்தக் கிழவரு, பொண்ணு தலையில முடி இல்லன்னு சொன்னத விரிச்சு எழுத எனக்குக் கை ஓடல. அந்த வரிய எழுதினா இவளப் பத்தியே எழுதற மாதிரி இருந்துச்சு. அவரு வெட்கப்பட்டு ஊரறியச் சொல்லிட்டாரு. நான் வெட்கப்பட்டு ஒளிச்சு வச்சுட்டேன்."

கெசையா எழுந்து குல்லாயைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. "மாவுருண்டை ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஈனாக் அன்றைக்கே படியைத் திருத்தினான். பேச்சு முழுவதையும் அடித்துவிட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதினான். முன்னால் எழுதியது தன் கற்பனை என்று கையெழுத்துப் போட்டான். பத்திரிகை அவனை அந்த வாரமே வெளியே அனுப்பியது. அச்சகத்துக்காரர்கள் திகைத்துப்போனார்கள். ஆறு பத்திரிகையிலும் ஒரே மாதிரி இருக்கிறது, ஒரே ஒருவன் மட்டும் வேறு சொல்கிறான். மாடத்தில் இருந்த இன்னொருவர் ஆமாம் என்று சொன்னால் ஏற்றிவிடுகிறோம் என்றார்கள். அதைக் கேட்க அவர்களின் குமாஸ்தா ஒருவர் எழுதும் அறைக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க முறை அதுக்கு அடுத்ததுதானே, மிஸ்டர் ஹெல்லியர்? டாங்க்ஸ் சொல்றதப் பாத்தா கடைசிப் பகுதி உங்களோடது. நீங்க கேட்டீங்களா?"

சுற்றிலும் எங்கள் ஆட்கள். எல்லோருடைய பேனாவும் நின்றிருந்தது. 'பலத்த ஆமோதிப்பு' போட்டவன் நான். என் நோட்டு என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. ஈனாக் இடத்தைத் தருவதாக ஆசிரியர் அன்று காலைதான் எனக்குச் சொல்லியிருந்தார்.

"மாடத்துல எதுவும் கேக்கல" என்றேன்.

அவர் குறித்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் நோட்டைக் கணப்படுப்பில் போட்டேன். புத்தகம் வெளிவந்தது. ஈனாக்கின் பொய் வாக்கியம், என் ஆமோதிப்பு எல்லாம் தோல் அட்டைக்குள் பத்திரமாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். மூன்றாவது வருஷம் பிள்ளைகள் விஷயத்தில் ஏதோ ஒரு சட்டம் வந்துவிட்டதாம், அதனால் பெரிய நஷ்டம் இல்லை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். மூன்று வருஷம் ஈரமண் சுமந்து பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஈனாக் பிறகு ஒன்பது வருஷம் இருந்தான். லாம்பெத்தில் குமாஸ்தாக்களுக்குச் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்தான். சொந்த ஊர்ப் பேச்சிலேயே சொல்லிக்கொடுத்தானாம். சனிக்கிழமைகளில் அவனும் கெசையாவும் கைகோத்துக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நடப்பார்கள். வெறுந்தலையோடு ஒரு பெண் வருகிறாளே என்று ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "என் தங்கச்சி" என்று எல்லோரிடமும் சொல்வான். இரண்டு மூன்று தடவை எதிரில் பட்டிருக்கிறேன். தொப்பியைத் தூக்கி, "எப்படிய்யா இருக்க?" என்பான். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

அடக்கத்துக்குப் போனேன். எட்டுப் பேர். முடிந்ததும் கெசையா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். டீ ஊற்றி வைத்துவிட்டு, அந்த நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தக் கோழிக்கால் எழுத்த உங்களாலதான் படிக்க முடியும்னு அண்ணன் சொல்லிச்சு. ஞாயித்துக்கிழமையானா எனக்கு இத ஒரு தடவ படிக்கும். இன்னைக்கு நீங்க படிங்க."

படித்தேன். 'ஒன்பது வயசுல' என்பதோடு நோட்டில் எழுத்து நின்றது. அது அவன் முறையின் முடிவு.

"இதுக்கு அப்புறமும் பெரியவரு என்னமோ சொன்னாராம்" என்றாள். "அப்ப அண்ணன் எழுந்து உள்ள போயிடுச்சாம். அதனால அது தெரியலன்னு சொல்லும். உங்க முறை வர்றப்ப பெரியவரு குரல் எறங்கிடுச்சாம், பாவம் ஹெல்லியருக்குக் கேக்கல, அவரத் தப்பு சொல்லக் கூடாதுன்னு சொல்லும்."

அவன் எனக்காக அதையும் மூடி வைத்திருந்தான். ஒன்பது வருஷம் அவள் அதை நம்பியிருந்தாள். டீக்கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"எனக்கு வெட்கமா இருக்கு, பிரபுக்களே" என்று ஆரம்பித்தேன். அஞ்சு வருஷமா எதிர்த்தது, சொல்லாத நல்ல வார்த்தைகள், மறந்துடுங்க, இந்த மசோதாவுக்கு என் ஓட்டு. நோட்டு இல்லாமல், ஒரு வார்த்தை பிசகாமல், கடைசிவரை சொன்னேன்.

கெசையா சாய்ந்த கழுத்தோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்களுக்குக் கேட்டிருக்கு" என்றாள்.

"கேட்டுச்சும்மா" என்றேன்.